வெள்ளவத்தை வீட்டுக் குழு: நண்டு விசயம்

மாமி: எழும்பியாச்சோ எல்லாரும். நாளைக்கு அத்தான் கனடாவில இருந்து வாறாரெண்டு நேற்றுப் பேலியகொடை மீன் சந்தையில வாங்கின 12 நண்டில 5 செத்துப்போச்சு. வாளி நிறையத் தண்ணி விட்டுத்தான் வச்சனான்

சுகி: ஐயோ மாமி

ரஞ்சன்: தண்ணிக்குள்ள நண்டு சாகுமே??

சின்னம்மா: நான் நேற்றே சொன்னனான். ஆர் கேக்கினம்

குமார் அண்ணை: மாமி தண்ணி விட்டதுதான் பிழை. நண்டுக்கும் மீன் மாதிரிப் பூ, அதுதான் மூச்சு விடுற செவுள், இருக்கு, ஓட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில விரல் விரலா இருக்கும், துப்புரவாக்கேக்க பிய்ச்சு எறியிறனீங்களெல்லோ அதுதான். கால் அடியால தண்ணி உள்ள போய் வாய்ப்பக்கத்தால வெளிய வரும், உள்ள சின்னத் துடுப்பு மாதிரி ஒண்டு அடிச்சு அடிச்சுத் தண்ணிய ஓட வைக்கும். வாளித் தண்ணி ஓடாத தண்ணி, 12 நண்டு சேர்ந்து அதில இருக்கிற ஒட்சிசனை முடிச்சிடும், பிறகு மூச்சுத் திணறித்தான் சாவுது

ரஞ்சன்: அப்ப வெளிய வச்சா?

குமார் அண்ணை: தாங்கும். பூ ஈரமா இருந்தாக் காத்தில இருக்கிற ஒட்சிசனையும் எடுக்கும். ஓட்டுக்குள்ள கொஞ்சத் தண்ணி பிடிச்சு வச்சு அதைத்தான் திரும்பத் திரும்பச் சுத்த விடும், வாயில நுரை வாறது அதாலதான். களப்பு நண்டு ஈரச் சாக்குக்குள்ள ரெண்டு மூண்டு நாள் கிடக்கும். பூ காய்ஞ்சா முடிஞ்சுது

சுகி: நுரை வந்தா வருத்தமெண்டு அப்பம்மா எறிய விடுறவ

சின்னம்மா: அம்மாவை இதுக்க இழுக்காதே

பெரியப்பா: திவசத்துக்கு ஐயரோட ஆர் கதைச்சது?

மாமி: செத்த அஞ்சையும் என்ன செய்ய, காசு குடுத்தது

குமார் அண்ணை: எறியுங்கோ மாமி. எப்ப செத்ததெண்டு தெரியாது, செத்த நண்டு கெதியாப் பழுதாகும். மிச்ச 7ஐயும் இப்பவே வெளிய எடுத்து ஈரச் சாக்கால மூடி நிழலில வையுங்கோ. காத்துப் போகோணும், மூடியால இறுக்காதேங்கோ

ரஞ்சன்: காலிமுகத்தில மணலில ஓடுற நண்டும் இப்பிடியோ

குமார் அண்ணை: ஓம், அதுக்குக் கால் இடுக்கில மயிர் இருக்கு, ஈரமணலில இருந்து தண்ணி உறிஞ்சிப் பூவை நனைக்கும்

பெரியப்பா: ஐயர்??

சின்னம்மா: அத்தானுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாதெண்டு போனமுறையே அக்கா சொன்னவ

மாமி: அது இறால்

சின்னம்மா: ரெண்டும்தான்

சுகி: அத்தானுக்கு மெசேஜ் போட்டனான். ஒரு டிக்தான், பிளைட்டில ஏறிட்டார் போல

மாமி: சாக்கு இல்லை. பழைய துவாய் நனைச்சுப் போடவோ

குமார் அண்ணை: போடுங்கோ. காயக் காய நனையுங்கோ

மாமி: போட்டாச்சு. ரெண்டு நுரை விடுது