தாராசுரமும் வால்பாறையும் ஒரே பயணத்தில்: எந்தச் சின்ன கேமரா?

மருதநிலவாசி:
ஆகஸ்டில் குடும்பத்தோடு தஞ்சாவூர், தாராசுரம் பார்த்துவிட்டு அப்படியே வால்பாறை போகிறோம். பேன்ட் பாக்கெட்டில் நுழைகிற கேமரா வேண்டும். லென்ஸ் மாற்றும் வேலையே ஆகாது. இரண்டு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அதெல்லாம் நடக்காது. பட்ஜெட் ஒரு லட்சத்தை ஒட்டி. செகண்ட் ஹேண்ட் ஆனாலும் சரி. மனதில் இருப்பவை சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, ரிக்கோ ஜிஆர் 3. எதை எடுக்கலாம்?

தொடுவானம்:
வால்பாறை என்று சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? சோனிதான். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறையில் வரையாடு நிற்கும். ஜிஆரில் ஜூம் கிடையாது, 28 மி.மீ. அகலக் கோணத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். அதில் எடுத்தால் பாறைதான் வரும். ஆடு எங்கே என்று வட்டம் போட்டுத்தான் காட்ட வேண்டும். மார்க் 7 என்றால் 24இலிருந்து 200 மி.மீ. வரை போகலாம், எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். எடையும் 302 கிராம்தான்.

இருபத்தெட்டு:
ஆடு ஒரு நிமிடம் நிற்கும். தாராசுரத்தில் அரை நாள் இருப்பீர்கள். கேமராவை எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சோனியில் இருப்பது ‘ஒரு இஞ்ச்’ சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு). பெயர்தான் அப்படி, அளவு 13.2 × 8.8 மி.மீ. ஜிஆரில் இருப்பது ஏபிஎஸ்-சி என்கிற பெரிய சென்சார். பரப்பளவில் மூன்று மடங்குக்கு மேல். அகலக் கோணத்தில் இரண்டின் லென்ஸ் திறப்பும் எஃப்/2.8 (எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்) என்பதால் அந்த மூன்று மடங்கு வெளிச்சம் முழுசாக ஜிஆருக்குத்தான் கிடைக்கிறது. இத்தனைக்கும் எடை 257 கிராம். தாராசுரம் கோயிலில் ராஜகம்பீரன் மண்டபத்துக்குள் தூண்களில் விரல் நீளத்துக்குச் சிற்பங்கள் இருக்கின்றன. மேக்ரோ போட்டால் ஜிஆர் 6 செ.மீ. வரை கிட்டே போகும்.

தொடுவானம்:
சிற்பம் ஆடாது நண்பரே. ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் ஒரு இஞ்சிலும் சுத்தமாக வரும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இரண்டிலுமே உண்டு. மூன்று மடங்கு வெளிச்சம் என்பது அசையாத பொருளுக்கு அவ்வளவு பெரிய விஷயமில்லை. அப்புறம், ஜிஆரில் ஃப்ளாஷ் கிடையாது, சோனியில் உண்டு.

இருபத்தெட்டு:
ஃப்ளாஷா? தாராசுரத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இருக்கிறதே, அதன் மேல் நேராக ஃப்ளாஷ் அடித்துப் பாருங்கள். நிழல் போய்விடும். நிழல் போனால் உளி தோண்டிய ஆழம் போய்விடும், மிச்சம் வெறும் சாம்பல் நிறக் கல். பக்கவாட்டில் வெயில் வரும்வரை காத்திருந்து எடுக்கிற இடம் அது. சிற்பம் ஆடாது, சரி. இரண்டு வயதுப் பெண் ஆடாதா? மண்டபத்து இருட்டில் தூணுக்குத் தூண் ஓடுகிற குழந்தைக்கு 1/250 வேண்டும். அங்கே உங்கள் 1/15 என்ன செய்யும்?

கைப்பேசியே_போதும்:
இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு முன்னால் அவரிடம் என்ன போன் இருக்கிறது என்று கேட்டீர்களா? இன்றைய விலை உயர்ந்த போன்கள் சிலவற்றில் மெயின் சென்சார் 1/1.3 இஞ்ச். அதுவே சோனி சென்சாரின் பரப்பில் பாதிக்கு மேல். அதோடு பல ஃபிரேம்களை ஒன்றாக அடுக்கி, படத்தில் மணல் மணலாகத் தெரியும் இரைச்சலைக் குறைத்துவிடும். அந்தக் காசை வால்பாறையில் நல்ல அறை போட்டுத் தங்கச் செலவழிக்கலாம்.

மருதநிலவாசி:
என்னுடையது சாதாரண போன் சார், தூரத்தை இழுக்கும் டெலி லென்ஸ் கிடையாது. பகலில் குறை சொல்ல முடியாது. விளக்கு வைத்த பிறகு பாப்பா முகம் மெழுகு பூசினது போல வருகிறது.

தொடுவானம்:
அடுக்குகிற வித்தை அசையாத காட்சிக்குத்தான். குழந்தை கை வீசினால் எதை எதன் மேல் அடுக்குவது? விலை உயர்ந்த போனிலும் டெலி லென்ஸ் பின்னால் இருக்கும் சென்சார் மெயினை விடச் சின்னதாகத்தான் இருக்கும். விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

மண்டபத்து_வெயில்:
மார்க் 7ஐயும் ஜிஆரையும் மட்டும் வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? அதே சோனி வரிசையில் மார்க் 5ஏ இருக்கிறது. 24–70 மி.மீ., எஃப்/1.8–2.8. அகலக் கோணத்தில் எஃப்/1.8 என்றால் எஃப்/2.8ஐ விடக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வெளிச்சம். தம்பி சொல்கிற மூன்று மடங்கில் பெரும்பகுதி அங்கேயே ஈடாகிவிட்டது. கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3உம் எஃப்/1.8–2.8தான், 100 மி.மீ. வரை போகும், ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லை. குழந்தை உள்ள வீட்டுக்கு நான் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். 200 மி.மீ. ஆசைக்காக மார்க் 7இல் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

இருபத்தெட்டு:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் ஜிஆரிலும் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் 35, 50 மி.மீ. கிராப் உண்டு. 50இல் 7 மெகாபிக்சல் கிடைக்கும், ஆல்பத்துக்குத் தாராளம்.

தொடுவானம்:
50இல் சோலைமந்தி எடுப்பீர்களா? புதுத்தோட்டத்தில் அவை சாலையோரத்துக்கே வரும், உண்மைதான். அதற்காகக் காரிலிருந்து இறங்கிக் கிட்டே போகலாமா? அவற்றுக்கு மனிதர்கள் மேல் பயம் விட்டுப்போனதே பெரிய பிரச்சினை. கண்ணாடியை இறக்கி, காருக்குள் இருந்தபடி 200இல் எடுக்க வேண்டும். இன்னொன்று: அதன் உடம்பு கறுப்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி. பின்னால் மேகமூட்ட வானம் இருந்தால் கேமரா வானத்துக்கு அளவெடுத்து, குரங்கை வெறும் கறுப்பு உருவமாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒன்று கூட்டி வையுங்கள், அப்போதுதான் கண் தெரியும். மர நிழலில் 200இல் எஃப்/4.5 என்பதால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200 ஆகும், கொஞ்சம் மணல் தெரியும். இருக்கட்டுமே. இருவாட்சிப் பறவைக்கு 200 போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பைனாகுலரில் பாருங்கள்.

கைப்பேசியே_போதும்:
ஆகஸ்டில் வால்பாறையில் மழை கொட்டும். அதை ஒருவரும் பேசக் காணோம்.

மண்டபத்து_வெயில்:
பேச வேண்டியதுதான். இங்கே பெயர் அடிபட்ட எந்த கேமராவும் மழைக்கானது இல்லை. மழைக்கென்றே ஓஎம் சிஸ்டம் டிஜி-7 இருக்கிறது, 15 மீட்டர் ஆழத் தண்ணீரையும் தாங்கும். ஆனால் அதன் சென்சார் ஒரு இஞ்சில் கால் பங்கு. தாராசுரத்து இருட்டில் அழுதுவிடுவீர்கள். ஜிப் கவரும் சிலிக்கா ஜெல்லும் எடுத்துப் போங்கள். ஏசி காரிலிருந்து இறங்கும் முன்னால் கேமராவைக் கவரில் போட்டு மூடி, வெளியே பத்து நிமிடம் விட்டு எடுத்தால் லென்ஸில் பனி படியாது. ஈரத்தோடு பையில் வைத்து மறந்தால் பூஞ்சைதான்.

மருதநிலவாசி:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் கேட்டேன். “பாப்பா வீடியோ நன்றாக வருமா?” என்பதுதான் ஒரே கேள்வி. ஜிஆரில் 4கே இல்லை, ஸ்கிரீனும் திரும்பாது என்று தெரிந்ததும் அது கழன்றுவிட்டது. 5ஏவா மார்க் 7ஆ என்று பார்த்து, வரையாட்டுக்காக மார்க் 7 பக்கம் சாய்ந்திருக்கிறேன். பழையது ஒன்று பேசி வைத்திருக்கிறேன்.

இருபத்தெட்டு:
வீடியோ என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்! இருந்தாலும் மண்டபத்துக்குள் எடுக்கும்போது என்னை நினைப்பீர்கள். சரி, பழையதை வாங்கும் முன்னால் எஃப்/11இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் மங்கலான புள்ளி நின்றால் சென்சாரில் தூசு. லென்ஸ் கழற்ற வராத கேமரா, வீட்டில் துடைக்க முடியாது, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஜூமை முழுசாக நீட்டி மடக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் வாங்காதீர்கள். இன்னொரு பேட்டரியும் கேளுங்கள், ஒன்று ஒரு நாளைக்குத் தாங்காது.