கூரைத் தண்ணியைக் கிணத்துக்கு விடலாமோ? தமிழ்நாட்டு முறை எங்கட கல்லுக்குப் பொருந்துமோ?

செம்மண்காணி:
யாழ்ப்பாணம் கோப்பாயில 3 பரப்புக் காணி, புது வீட்டுக்கு அத்திவாரம் போட்டாச்சு. ஓட்டுக்கூரை, கிடையாக அளந்தால் 110 சதுர மீற்றர். கிணறு 28 அடி, அடியில சுண்ணக்கல். மாரியில 10 அடி தண்ணி நிக்கும், ஆவணியில 4 அடி. மலக்குழி கிணத்திலிருந்து 55 அடி.

தமிழ்நாட்டில மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது வந்த வரைபடம் ஒண்டை மேசன் வைச்சிருக்கிறார். பீலித் தண்ணியையும் முற்றத்துத் தண்ணியையும் ஒரே குழியில வடிச்சுக் கிணத்துக்கு விடலாம் எண்டுறார். சரிவருமோ? குழிக்கு என்ன அளவு, என்ன அடுக்கு?

பீலி:
முற்றத்துத் தண்ணி வேண்டாம். கூரைத் தண்ணி மட்டும், அதுவும் முதலில தாங்கிக்கு, மிஞ்சினது கிணத்துக்கு.

தமிழ்நாட்டு அரசு 2003இல அவசரச் சட்டம் கொண்டுவந்து, பழைய கட்டடங்களையும் சேர்த்தே கட்டாயமாக்கினது. அதின்ர பலம் அதுதான். எங்கட நாட்டில 2005இல மழைநீர்க் கொள்கை, 2007இல நகர அபிவிருத்திச் சட்டத்துக்குத் திருத்தம், 2009இல ஒழுங்குவிதி எண்டு வந்தாலும், அது நகரப் பகுதிகளில கட்டுற குறிப்பிட்ட வகைப் புதுக் கட்டடங்களோட நிண்டுபோச்சு. தமிழ்நாட்டின்ர பலவீனமும் தெரிஞ்சிருக்க வேணும். குழி இருக்கோ எண்டு பார்த்தினம், அதை ஆர் துப்பரவாக்கிறது எண்டு பார்க்கேல்லை. கன இடத்தில குழி மண்மூடிப் போச்சு. 2019 கோடையில சென்னையின்ர ஏரிகள் வத்தினபோது அந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது.

உங்கட கணக்கு இது: 1 சதுர மீற்றரில 1 மில்லிமீற்றர் மழை எண்டால் 1 லீற்றர். யாழ்ப்பாணத்துக்கு வருசத்துக்கு ஏறக்குறைய 1,250 மி.மீ., பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில. ஓட்டில ஊறுறது, சிதறுறது கழிச்சு 0.8ஆல பெருக்கினால் 1,10,000 லீற்றர். குடிக்க, சமைக்க ஐந்து பேருக்கு நாளுக்கு 25 லீற்றர் போதும். 5,000 லீற்றர்த் தாங்கி 200 நாளைக்கு வரும், 8,000 எண்டால் 320 நாள். இடமிருந்தால் 8,000 கட்டுங்கோ, அடுத்த மாரி மட்டும் தாங்கும்.

முருகைக்கல்:
முற்றத்துத் தண்ணியை ஏன் மறிக்க வேணும் எண்டதை இன்னும் விளக்கமாகச் சொல்லவேணும். களிமண், மணல் நிலத்தில தண்ணி மெல்ல இறங்கும், போற வழியிலயே அழுக்குப் பிடிபடும். கோப்பாய் இருக்கிற வலிகாமத்தில செம்மண்ணுக்குக் கீழ இருக்கிறது கரைஞ்சு குகையும் குழலுமாய்ப் போன சுண்ணக்கல். கிணத்துக்குள்ள நேர விட்ட அழுக்கு வடிபடாமலே அயல் கிணறுகளுக்குப் போகும். முற்றத்தில ஆட்டுப் புழுக்கை, தோட்ட மருந்து, மோட்டார்சைக்கிள் எண்ணெய் எல்லாம் இருக்கு. வலிகாமத்துச் சுன்னாகத்தில நிலத்தடித் தண்ணியில எண்ணெய் கலந்து கிணறுகள் எத்தனை வருசம் பாவிக்கேலாமல் கிடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும்.

அதே காரணத்தால 55 அடியை நம்பி இருக்காதேங்கோ. 50 அடி வழக்கமாச் சொல்லுற தூரம், கல்லில வெடிப்பு இருந்தால் அது காணாது. அடிப்பக்கம் திறந்த மலக்குழியை விட்டிட்டு, அடியும் சுவரும் பூசின இரண்டறைத் தொட்டி கட்டுங்கோ. அதில இருந்து வாற தண்ணியைக் கிணத்துக்கு எதிர்ப்பக்கம், வாழைக்கு விடுங்கோ. யூரியாவும் மலக்குழியும் சேர்ந்துதான் எங்கட கிணறுகளில நைத்திரேற்றைக் கூட்டுது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைச்சாலும் நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்தச் செறிவு கூடும். அந்தப் பால்மாவுக்கு, கொதிக்க வைச்சு ஆறவிட்ட மழைத்தண்ணி நல்லது.

செம்மண்காணி:
விளங்குது. முதல் மழைத் தண்ணியைக் கழிக்க 10 அடி 4 இஞ்சி பைப்பை நிமிர்த்தி வைச்சால் காணுமோ?

பீலி:
காணாது. அந்தப் பைப் 25 லீற்றர்தான் பிடிக்கும். உங்கட கூரைக்கு முதல் 1 மி.மீ. மழையே 110 லீற்றர். 200 லீற்றர் நீலப் பரலை வைச்சு, பீலியில இருந்து இறங்குற பைப்பில ஒரு ரீ (மூன்று வாய் மூட்டு) பூட்டி, ஒரு வாயைப் பரலுக்கு விடுங்கோ. பரல் நிறைஞ்சதும் உள்ளுக்கு மிதக்கிற பந்து வாயை அடைக்கும், பிறகு வாற தண்ணி தாங்கிக்குப் போகும். பரலின்ர அடியில கால் இஞ்சித் துளை வேணும், அதால மெல்ல வடிஞ்சு அடுத்த மழைக்கு வெறுமையாகும். இங்கதான் பிழை வாறது. வேப்பஞ்சருகு அந்தத் துளையை அடைச்சால் பரல் நிறைஞ்சபடியே நிக்கும், அடுத்த மழையின்ர காக்கா எச்சமெல்லாம் நேர தாங்கிக்குள்ள. பீலி முடியிற இடத்தில வலை போடுங்கோ. தாங்கியின்ர காற்றுப் பைப்புக்கும் வழிஞ்சு போற பைப்புக்கும் நுளம்பு வலை கட்டாயம்.

தாங்கி வழிஞ்ச தண்ணிக்குத்தான் வடிகட்டுக் குழி. உள்ளளவு 3 அடிக்கு 3 அடி, ஆழம் 4 அடி. அடியைக் கொங்கிறீற்றால மூடுங்கோ, தண்ணி பைப்பால மட்டும்தான் வெளியேற வேணும். கீழ 1 அடி பெரிய கருங்கல், அதுக்கு மேல 9 இஞ்சிக்கு முக்கால் இஞ்சிச் சல்லி, நைலோன் வலை, மேல ஒன்றரை அடி கழுவின ஆற்று மணல். கடல் மணல் போட்டால் உப்பு இறங்கும். மணிக்கு 40 மி.மீ. அடிக்கிற மழையில 3,500 லீற்றர் வரும், துப்பரவான மணல் அதை மட்டுமட்டாய் விடும். மேல சேறு படிஞ்சால் விடாது, அதால மணலின்ர மேல் 2 இஞ்சியை வருசத்துக்கு ஒருக்கால் வழிச்சுக் கழுவிப் போடுங்கோ. கிணத்துக்குள்ள பைப்பைச் சுவரோட தண்ணி மட்டம் வரை இறக்குங்கோ. மேலயிருந்து விழுந்தால் அடிச்சேறு கலங்கும்.

நன்னீர்வில்லை:
இன்னொண்டு. கிணத்துக்கு விட்ட தண்ணி உங்கட கிணத்திலயே நிக்காது, ஊருக்குப் பரவும். அதுக்காகத்தான் ஒழுங்கை முழுக்கச் செய்ய வேணும் எண்டு பிரதேச சபையைக் கேக்கவேணும், தூர்ந்த குளங்களையும் திறக்கச் சொல்லவேணும்.

எங்கட நன்னீர் உவர்நீருக்கு மேல மிதக்கிற ஒரு வில்லை. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நன்னீர் நிண்டால் கீழ ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிக்கும். மட்டம் 1 அடி இறங்கி அப்பிடியே கிடந்தால், கீழ உவர் 40 அடி வரை மேல வரப் பார்க்கும். நிலாவரைக் கிணத்தில மேல நன்னீரும் ஆழத்தில உவரும் இருக்கிறது அதால தான். ஆவணியில தண்ணி குறைஞ்சிட்டுது எண்டு கிணத்தைத் தோண்டாதேங்கோ, குழாய்க் கிணறும் அடிக்காதேங்கோ. பெரிய மோட்டரால ஒரே மூச்சில இறைக்காமல் காலையில அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் எண்டு பிரிச்சு, இடையில ஊறவிடுங்கோ.

தாளையடியில 2024இல திறந்த ஆலைக்குக் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் எடுக்கிற கொள்ளளவு இருக்கு. அந்தத் தண்ணி குழாயால வீட்டுக்கு வந்தாலும் தோட்டத்துக்குக் கிணறுதான்.

மாரி முடிஞ்ச கையோட ஒருக்கால், ஆவணியில ஒருக்கால் நைத்திரேற்றும் குளோரைட்டும் (உவர் ஏறுதோ எண்டு காட்டுற உப்பு) சோதிச்சு எழுதி வையுங்கோ. இரண்டு வருச எண் கையில இருந்தால்தான் குழி வேலை செய்யுதோ எண்டு தெரியும்.

செம்மண்காணி:
8,000 லீற்றர்த் தாங்கியும் பூசின மலத்தொட்டியும் வரைபடத்தில சேர்க்கிறன். முற்றத்துத் தண்ணியை வாழைப்பாத்திக்கு வரம்பு கட்டி விடுறன். பீலியை எப்ப கழுவ வேணும்?

பீலி:
புரட்டாதியில, முதல் மழைக்கு முன்னம். பரலின்ர துளையையும் அப்பவே கம்பி விட்டுக் குத்திப் பாருங்கோ.