பானெட் அடியில் எல்லாம் சுத்தம் செய்தாச்சு, இப்போது செல்ஃப் எடுக்கவில்லை

பழையவண்டி: அவசரம். பழைய காரின் இன்ஜின் பகுதியை முழுக்கச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திவிட்டேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு. ஞாயிற்றுக்கிழமை பழைய கார் அணிவகுப்பு இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஸ்பேனர்12: எந்த கார், எந்த வருடம்? தண்ணீர் பீய்ச்சிக் கழுவினீர்களா?

நெம்புகோல்: கழுவினால் இப்படித்தான் ஆகும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை, அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பகுதியின் மூடியைக் கழற்றி ஈரம் இருக்கிறதா பாருங்கள். உள்பக்கம் நூல்போலக் கருப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது என்று அர்த்தம், கேப்பையே மாற்றிவிடுங்கள்.

தாமிரக்கம்பி: இன்ஜின் சுற்றவே இல்லை என்கிறார், நீங்கள் ஸ்பார்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பதில் எழுதுமுன் கேள்வியைப் படிக்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்வது? கேட்டவரும் பாதிதான் எழுதியிருக்கிறார். எதையெல்லாம் கழற்றினீர்கள்? பெயிண்ட் அடித்தீர்களா?

பழையவண்டி: கழுவவில்லை, மண்ணெண்ணெயும் பிரஷும்தான். பெயிண்ட் அடிக்காமல் எப்படி? இன்ஜினை இறக்கி, பிளாக், பிராக்கெட், பாடி எல்லாவற்றுக்கும் அடித்தேன். ஆமாம், சாவியைத் திருப்பத் திருப்ப சோக் கேபிள் (குளிர்ந்த இன்ஜினை எடுக்க இழுக்கும் கம்பி) கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது.

தாமிரக்கம்பி: இதைத்தான் முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். இனி சாவியைத் தொடாதீர்கள். இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். பாடியோடு அதற்குள்ள முழு மின்தொடர்பும் எர்த் பட்டைதான், அதாவது இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் உலோகப் பட்டை. அந்தப் பட்டை பெயிண்ட் மேல் உட்கார்ந்தால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் பாயும். தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. பட்டையின் இரண்டு முனையிலும் உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். அப்புறம் மேலே வாஸலின் தடவுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியில்லை.

ஸ்பேனர்12: 1960கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். புது பேட்டரி மாட்டும்போது அதைப் பார்த்தீர்களா? எந்த கார் என்று கேட்டதே அதற்காகத்தான்.

நெம்புகோல்: இவ்வளவு பெயிண்ட் எதற்கு என்பதுதான் என் கேள்வி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி வைத்திருப்பதுதான் மரியாதை.

புதுமெருகு: தொழிற்சாலையிலும் பிளாக்குக்கு பெயிண்ட் அடித்துத்தான் அனுப்பினார்கள். வெறும் வார்ப்பிரும்பை விட்டுவைத்தால் துரு பிடிக்காதா? இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குத்தான் சாதாரண எனாமல் கூடாது, கருகிவிடும். வெப்பம் தாங்கும் பெயிண்ட் அடித்துப் படிப்படியாகச் சூடேற்றி இறுகவைக்க வேண்டும்.

நெம்புகோல்: பிளாக்கை யார் சொன்னது? பாடிக்குப் பளபளப்பாக அடிக்கிறீர்களே, மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிந்தால் அத்தனையும் தோலாக உரிந்து வரும்.

புதுமெருகு: கசிகிற சிலிண்டரைச் சரிசெய்யாமல் பெயிண்டைக் குறை சொல்லலாமா? டாட் 3, டாட் 4 ரக பிரேக் ஆயில் தண்ணீரில் கலக்கும். சிந்திய உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துணியால் தேய்க்காதீர்கள்.

பழையவண்டி: பெயிண்ட்தான். இரண்டு முனையும் தேய்த்து மாட்டினேன், முதல் தடவையிலேயே எடுத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

தாமிரக்கம்பி: அணிவகுப்புக்கு முன் சோக் கேபிளை மாற்றிவிடுங்கள். ஒருமுறை அப்படிச் சூடானால் உள்கம்பி உறையோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்த சோக் திரும்பாது, பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய் பிளக் எல்லாம் கரியாகும்.