கப்பல் பால்கனியில் ராத்திரி படுக்கலாமா? அப்பாவுக்கு ஏசி ஆகாது

கல்லிடை_ஆத்தங்கரை:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மே லீவுக்குச் சிங்கப்பூர்ல கப்பல் ஏறுதோம். நாலு ராத்திரி, பினாங்கும் புக்கெட்டும் போயிட்டுத் திரும்ப சிங்கப்பூர். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பால்கனி கேபின். ஒண்ணுல நாங்களும் 9 வயசுப் பையனும், இன்னொண்ணுல அப்பாவும் அம்மாவும்.

யோசனையெல்லாம் அப்பாவைப் பத்தித்தான். வயசு 70. மாசி பிறந்துட்டா மொட்டை மாடிதான் அவங்களுக்குப் படுக்கை. ஏசி ஓடுற ரூமுல மூக்கடைச்சு ராத்திரி பூராவும் உக்காந்தே இருப்பாங்க. "பால்கனியில பாயை விரிச்சுக் கிடந்துக்கிடுதேன்"னு சொல்லுதாங்க. பிரஷர் மாத்திரை உண்டு, ராத்திரி ரெண்டு தடவை எந்திரிப்பாங்க.

கப்பல்ல இதுக்கு விடுவாங்களா? பத்தமடைப் பாயும் கொசுவத்திச் சுருளும் கொண்டுபோனாப் போதுமா? பால்கனிக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உள்ளயே படுத்தா என்ன? பையன் வேற தாத்தா கூடத்தான் படுப்பேங்கான். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொற்கைத்துறை:

தம்பி, பயணிக் கப்பல் டெக்குல வேலை பாக்குறவன்ங்கிற முறையில சொல்லுதேன். பெரியவங்க பால்கனியில படுக்கிறதைப் பெரும்பாலான கப்பல்ல யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா கம்பி மேல ஏறுறதோ உக்காருறதோ கண்ணுல பட்டா அடுத்த துறைமுகத்துல இறக்கி விட்டுருவாங்க. கப்பலோட பக்கவாட்டைப் பாத்த மாதிரி கேமரா உண்டு.

முதல்ல சுருளை வீட்டுலயே வச்சிருங்க. கப்பல்ல தீயை விடப் பெரிய பயம் வேற இல்ல. கொசுவத்தி, ஊதுபத்தி, மெழுகுவத்தி, சூடம், எதுவுமே கேபின்லயும் ஆகாது, பால்கனியிலயும் ஆகாது. ஏறும்போதே பெட்டியை ஸ்கேன் பண்ணி எடுத்து வச்சுக்கிடுவாங்க. அப்பா காலையில சாமி கும்பிட சூடம் கொண்டாருவாங்கன்னா இப்பமே சொல்லிருங்க. நடுக்கடல்ல கொசு கிடையாது. துறைமுகத்துல நிக்கும்போது வந்தா ஓடோமாஸ் தேச்சாப் போதும்.

கதவைத் திறந்து வச்சு உள்ள படுக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். பல கப்பல்ல பால்கனிக் கதவுல சென்சார் இருக்கு, திறந்தா அந்த கேபின் ஏசி நின்னுரும். "ஏசி நின்னா நல்லதுதான"ன்னு தோணும். ஆனா வெளியில இருந்து வார ஈரக்காத்து, குளிர்ந்து கிடக்குற சுவர்லயும் சீலிங்லயும் பட்டு வேர்த்துக் கொட்டும். விடியும்போது மெத்தை நசநசன்னு இருக்கும். மூக்கடைப்புக்கு அது ஏசியை விட மோசம்.

இன்னொண்ணு. பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது யாராவது நடைபாதைப் பக்கத்துக் கதவைத் திறந்தா, கேபினுக்குள்ள காத்து ஒரே இழுப்பா இழுக்கும். அந்த கனமான கதவு அறைஞ்சு சாத்துறதுல விரல் நசுங்கினவங்க உண்டு. ஒரு கதவு மூடியிருக்குன்னு பாத்துட்டுத்தான் அடுத்த கதவுல கையை வைக்கணும். வீட்டுல எல்லாருக்கும் ஏறுன அன்னைக்கே சொல்லி வைங்க.

பாய் விஷயம். கோரைப்பாய் கனமில்லாதது, ஓடுற கப்பல்ல ஒரு காத்து போதும், எழும்பிரும். தரையில படுக்கிறதுலயும் சிக்கல் இருக்கு. ரெண்டு பால்கனிக்கு நடுவுல உள்ள தடுப்பு தரை வரைக்கும் வராது, தண்ணி வடிய அடியில சந்து விட்டிருப்பாங்க. அது வழியாத்தான் காத்து தரையோட தரையா ஓடும், படுத்தா நேரா காதுல அடிக்கும். துறைமுகத்துல பால்கனியைக் கழுவும்போது பக்கத்துத் தண்ணியும் அந்த வழியாத்தான் வரும். துண்டைச் சுருட்டி அடைக்கவும் கூடாது, மழை பெஞ்சா தண்ணி தேங்கி உள்ள ஏறிரும்.

அதனால தரை வேண்டாம், சாய்வு நாற்காலிதான். பால்கனியில சாதாரணமா ரெண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேசையும்தான் கிடக்கும். காலை நீட்டிப் படுக்குற லவுஞ்சர் வேணும்னா கேபின் ஸ்டீவர்ட்கிட்ட முதல் நாள் மத்தியானமே கேளுங்க. சாயங்காலம் கேட்டா வேற யாராவது வாங்கியிருப்பாங்க. அதைக் கம்பிக்குப் பக்கத்துல போடாம, கேபின் கண்ணாடியை ஒட்டி, கப்பல் போற திசைப் பக்கத்துத் தடுப்புக்குத் தலை வர்ற மாதிரி போடுங்க. அந்தத் தடுப்புக்குப் பின்னாலதான் காத்து குறைவு. பத்தமடைப் பாயை லவுஞ்சர் மேல விரிச்சு நாலு மூலைக்கும் துணி கிளிப் போட்டா நிக்கும். காலையில எடுத்து உள்ள வச்சிரணும், உப்பு ஈரத்துல கிடந்தா கோரை பூசணம் பிடிச்சுரும்.

கயத்தாறு_காத்தாடி:

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் காற்று தானாக வந்தால்தான் உண்டு. கப்பலில் பாதிக் காற்றைக் கப்பலே உண்டாக்குகிறது. 18 நாட் வேகம் என்றால் மணிக்கு சுமார் 33 கி.மீ. கடலில் இலை அசையாத அமைதி இருந்தாலும், டிவிஎஸ் 50-ல் போகும்போது முகத்தில் அடிக்கிற காற்று பால்கனிக்கு வெளியே ராத்திரி முழுக்க இருக்கும். எதிர்க்காற்று 10 நாட் சேர்ந்தால் 28 நாட், அதாவது 52 கி.மீ. அன்றைக்கு வெளியே தூக்கம் கிடையாது. அதே 10 நாட் பின்னாலிருந்து வந்தால் மிஞ்சுவது 8 நாட், 15 கி.மீ.தான். சுகமாக இருக்கும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கப்பல்களில் கேபின் டிவியில் ஒரு சேனல் கப்பலின் இடம், வேகம், காற்று எல்லாம் காட்டிக்கொண்டே இருக்கும். ராத்திரி 9 மணிக்கு அதைப் பாருங்கள். கப்பலைச் சார்ந்த காற்று 15 நாட்டுக்குள் இருந்தால் அப்பாவை வெளியே படுக்க வைக்கலாம். 20-ஐத் தாண்டினால் உள்ளேதான். இது என் கணக்கு, விதி இல்லை. பால்கனியின் அமைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

பின்காற்றிலும் ஒன்று கவனிக்க வேண்டும். காற்றும் கப்பலும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் புகைக்கூண்டின் புகை விலகாமல் கப்பல் மேலேயே நிற்கும். பின்பக்க பால்கனிகளில் கரித்தூள் விழும், வெள்ளை வேட்டியில் அப்படியே தெரியும்.

மே மாதம் மலாக்கா நீரிணை என்பதால் முக்கியமான விஷயம் இது. அங்கே ஏப்ரல் முதல் நவம்பர் வரை "சுமத்ரா" என்றே பெயர் பெற்ற ஒரு சூறைமழை உண்டு. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும், பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய இருட்டிலும் காலையிலும். 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் காற்று திடீரென்று வீசும், பின்னாலேயே ஒன்றிரண்டு மணி நேரம் இடிமழை. நம் ஊர்ச் சாரலைப் போல மெல்ல ஆரம்பித்து எழுப்பிவிடாது. ஆள் அசந்து தூங்குகிற நேரத்தில்தான் வரும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு நோக்கிப் போகும்போது சுமத்ரா இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். எந்தப் பக்கம் உங்கள் கேபின்?

கல்லிடை_ஆத்தங்கரை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கேபின் 8-வது டெக், நடுவுல, இடப்பக்கம். மேலயும் கீழயும் கேபின்தான். அப்போ போகும்போது உள்ள, வரும்போது வெளியவா?

கயத்தாறு_காத்தாடி:

கிட்டத்தட்ட அப்படித்தான். போகும்போது வெளியே படுத்தால் ராத்திரி 2, 3 மணியோடு உள்ளே வந்துவிடட்டும். மேற்கே அடிவானத்தில் மின்னல் தொடர்ந்து வெட்டினால் அதற்கும் முன்னாலேயே. திரும்பும்போது உங்கள் பக்கம் மறைவுப் பக்கம். மழை வந்தாலும் கப்பலின் உடம்பு தடுக்கும், ஆனால் இடி இடிக்கும்போது எந்தப் பக்கமானாலும் வெளியே இருக்கக் கூடாது.

இடம் நன்றாகவே அமைந்திருக்கிறது. மேலேயும் கேபின் என்பதால் காலை 5 மணிக்கு நீச்சல் குளத்து நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கிடையாது. மேல் பால்கனியே கூரையாகிவிடுவதால் பனியும் நேராக இறங்காது. நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. 8-வது டெக் உயரத்துக்கு அலைத் தெறிப்பு சாதாரணமாக வராது.

பாளை_வெள்ளைக்கோட்டு:

காத்தைப் பத்தி நிறைய பேசியாச்சு, எனக்கு அந்த ரெண்டு தடவை எந்திரிக்கிறதுதான் கவலை. பால்கனிக் கதவுக்கு அடியில ஒரு வாசப்படி மாதிரி நிலை எழும்பி இருக்கும், கடல் தண்ணியும் மழைத் தண்ணியும் உள்ள வராம இருக்க. சில கப்பல்ல அது ஒரு சாண் உயரம் கூட இருக்கும். தூக்கக் கலக்கத்துல, ஈரத் தரையில, கப்பல் ஆடும்போது 70 வயசு ஆள் அதைத் தாண்டணும். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்குப் படுக்கையில இருந்து சட்டுனு எந்திரிச்சா தலை கிறுகிறுக்கும். மூணும் சேர்ந்தா விழுந்திருவாங்க.

எந்திரிச்சதும் லவுஞ்சர்லயே ஒரு நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு உக்காரணும். கம்பியைப் பிடிச்சு எந்திரிக்கப் பழகவே கூடாது, கதவுச் சட்டத்தைப் பிடிக்கட்டும். ரப்பர் அடி உள்ள செருப்பு காலுக்குப் பக்கத்துல இருக்கணும். நிலையோட உள்பக்க ஓரத்துல வெள்ளைத் துண்டு ஒண்ணை மடிச்சுப் போட்டா இருட்டுல படி தெரியும். பால்கனி லைட்டைப் போட வேண்டாம், பாத்ரூம் லைட்டைப் போட்டு அதன் கதவை ஒரு விரக்கடை திறந்து வைங்க.

கப்பல் மயக்கத்துக்கு மாத்திரை போட்டா தூக்கம் அழுத்தும், கால் தள்ளாடும். அதை போட்ட ராத்திரி வெளிய படுக்கவே வேண்டாம். அவங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரையோட அது சேருமான்னு போறதுக்கு முன்னால டாக்டர்கிட்ட கேட்டுருங்க.

போர்வை வெறுமனே மேல போத்தினா பறந்துரும். ரெண்டு ஓரத்தையும் உடம்புக்கு அடியில சொருகணும். மெல்லிசான ஸ்லீப்பிங் பேக் ஒண்ணு வாங்கிட்டா அதை விட நல்லது. ஊர் வெக்கையை நினைச்சு சாரமும் பனியனுமா படுத்தா 26 டிகிரியிலயும் விடியக்காலம் உடம்பு விறைச்சுப் போகும், காத்து சூட்டை இழுத்துக்கிட்டே இருக்கும். முழுக்கை சட்டை, காது மூடுற குல்லா, கால்ல சாக்ஸ்.

பையன் விஷயத்துல பேச்சே வேண்டாம். ஒரு நிமிஷம் கூட ராத்திரி பால்கனியில படுக்க விடாதீங்க.

கொற்கைத்துறை:

அந்தக் கடைசி வரிக்கு நான் கணக்குச் சொல்லுதேன். கம்பி உயரம் சர்வதேச விதிப்படி குறைஞ்சது 1 மீட்டர். அமெரிக்கத் துறைமுகம் போற கப்பல்னா 2010-ம் வருஷச் சட்டப்படி 42 அங்குலம், 107 செ.மீ. நாற்காலி உக்காருற உயரம் 42 செ.மீ.ன்னு வைங்க. பையன் அதுல ஏறி நின்னா 107 உள்ள கப்பல்லயே மிச்சம் 65 செ.மீ.தான். 9 வயசுப் பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழ. அதான் ராத்திரியும் பகலும் நாற்காலி, மேசை எல்லாம் கண்ணாடிச் சுவர் பக்கம் கிடக்கணும். கதவு மேல்பக்கத்துல பிள்ளைங்களுக்கு எட்டாத பூட்டு இருக்கும், உங்க கேபின்ல அதை எப்பவும் போட்டு வைங்க.

அப்பா கேபின்ல அதுக்கு நேர்மாறு. அம்மா தூக்கத்துல எந்திரிச்சு "கதவு சும்மா கிடக்கே"ன்னு கைப்பிடியைத் திருப்பிட்டா அப்பா வெளியில மாட்டிக்கிடுவாங்க. செல்லுல சிக்னலும் இருக்காது. ஏறுன அன்னைக்கு வெளிச்சத்துலயே ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய நின்னு கைப்பிடி எந்த நிலையில பூட்டுது, எதுல பூட்டலன்னு ரெண்டு பேருக்கும் காட்டுங்க.

உச்சிமாகாளி_ரசிகன்:

கட்டில் மெத்தையைத் தூக்கி வெளிய போட்டா இவ்வளவு கஷ்டமே இல்லியே அண்ணாச்சி? நிறைய பேர் செய்யுதாங்களே.

கொற்கைத்துறை:

செய்யக்கூடாது. ஒரு ராத்திரி உப்பு ஈரம் உள்ள இறங்கினா அந்த மெத்தை காயவே காயாது, கரி பட்டா கறை போகாது. அதுக்குக் காசு உங்க கணக்குலதான் ஏறும். அதை விட, கதவுக்கும் வழிக்கும் குறுக்க மெத்தை கிடந்தா அவசரத்துக்கு வெளியேற முடியாது. ஸ்டீவர்ட்கிட்ட "எக்ஸ்ட்ரா பிளாங்கெட் ரெண்டு, தலகாணி ஒண்ணு, பால்கனியில படுக்க"ன்னு ஒளிக்காம சொல்லிக் கேளுங்க, குடுப்பாங்க. அப்படிச் சொல்லிட்டா எந்த நேரத்துல கழுவுதாங்கன்னும் சொல்லிருவாங்க.

பெரியவங்க பயந்திரக் கூடாதுன்னு ஹாரன் விவரமும் சொல்லி வைங்க. கனத்த மழையிலயோ மூடுபனியிலயோ கண்ணு தெரியலேன்னா கப்பல் 2 நிமிஷத்துக்கு ஒரு தடவைக்குக் குறையாம நீளமா ஒரு ஊதல் ஊதும். அது மத்த கப்பலுக்குச் சொல்லுறது, நமக்கு இல்ல. ஏழு சின்ன ஊதல், பின்னால ஒரு நீள ஊதல் கேட்டாத்தான் அவசரம். உடனே உள்ள வந்து, அம்மாவைக் கூட்டிக்கிட்டு, முதல் நாள் காட்டுன கூடுமிடத்துக்குப் போகணும்.

அப்பாவுக்கு உள்ள படுக்குற ராத்திரிக்கு: ஏசி திருகை முழுசா வெதுவெதுப்புப் பக்கம் வைங்க, தலைமாட்டை ஏசி வார துவாரத்துக்கு எதிர்ப்பக்கம் மாத்திப் போடச் சொல்லுங்க. கட்டில் ரெண்டாப் பிரியும், ஸ்டீவர்டே நகத்திக் குடுப்பாரு. அதையும் லவுஞ்சரோட சேத்து முதல் நாளே கேட்டுருங்க.