மழை விட்ட பிறகு பெண்ணையாற்றில் வெள்ளம் வருவது எப்படி?

புதுக்குடித்தனம்:
கடலூர் குண்டு உப்பலவாடி பக்கம் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம், தரைத்தளம், வாடகையும் கட்டுப்படியாகிறது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னதுதான் உறுத்துகிறது. 2024 ஃபெஞ்சல் புயலில் மழை விட்டு, அப்பாடா என்று துணி காயப்போட்ட பிறகுதான் ஊருக்குள் தண்ணீர் வந்ததாம். அதெப்படி? ஐப்பசி, கார்த்திகையில் எதைப் பார்த்து உஷாராவது?

கெடிலக்கரை:
அந்தம்மா சொன்னது சரிதான். பெண்ணையாறு நந்தி மலையில் பிறந்து ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் எல்லாம் சுற்றிக்கொண்டு வருகிறது, நம் தெருவில் பெய்வது அதற்கு ஒரு கணக்கே இல்லை. ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டிவிட்டு, அப்புறம் உள்ளே போய் திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரியை வெளுத்து வாங்கியது. ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. சாத்தனூர் அணை தாங்காமல் டிசம்பர் 2 விடியற்காலை 1,68,000 கன அடி திறந்தார்கள். அது இங்கே வந்து சேர கிட்டத்தட்ட ஒரு நாள். அதற்குள் நமக்கு வெயிலே அடித்துவிடும்.

பாகூர்வாசி:
கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது அமாவாசை வேறு, கடல் ஏற்றமாக இருந்தால் தாழங்குடா முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் சட்டென்று வடியாது. நாங்கள் புதுச்சேரிக் கணக்கு என்றாலும் பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் தருவதும் இதே ஆறுதான், வயலை மூழ்கடித்ததும் இதேதான்.

மேட்டுத்தெரு:
சாத்தனூரின் முழு மட்டம் 119 அடி. மழைக்காலத்தில் நீர்மட்டமும் திறப்பும் தினமும் செய்தியில் வரும், இரண்டையும் பாருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், அணைக்குக் கீழே துரிஞ்சலாறு வேறு வந்து சேர்கிறது. திருக்கோவிலூரில் சொந்தக்காரர் இருந்தால் ஒரு போன் போடுங்கள், இல்லாவிட்டால் 1077-இல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். லட்சம் என்று காதில் விழுந்தால் பத்திரங்கள், சிலிண்டர், மிக்ஸி எல்லாம் பரண் மேல், நீங்கள் மேட்டுக்கு. முக்கியமாக, முன்பணம் கொடுக்கும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் மோட்டார் ரூமைத் திறந்து பாருங்கள், அங்கே யாரும் அடிக்க மாட்டார்கள்.

புதுக்குடித்தனம்:
ஹால் பளபளவென்றுதான் இருந்தது! நாளைக்கே போய் மோட்டார் ரூமைப் பார்க்கிறேன். அதே வீட்டில் மாடிப் போர்ஷன் காலியாம், வாடகைதான் கொஞ்சம் கூட.