புதுப்பிப்பு: ஃபென்வே பார்க்கின் பச்சைச் சுவர், விடைகளோடு

முந்தைய இழையில் கேட்ட கேள்வி: பாஸ்டனின் பேஸ்பால் மைதானமான ஃபென்வே பார்க்கில் பலமாக அடித்த பந்துக்கு ஒரே ஒரு பேஸ் (அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) மட்டும் கிடைப்பது ஏன்?

இடதுபுறச் சுவரான 'கிரீன் மான்ஸ்டர்'தான் காரணம். உயரம் 37 அடி 2 அங்குலம், ஆனால் ஹோம் பிளேட்டிலிருந்து (பந்தை அடிப்பவர் நிற்கும் இடம்) 310 அடி தூரம்தான். (1995 வரை பலகையில் 315 என்றே எழுதியிருந்தார்கள்!) தாழ்வாகச் சீறிப்போகும் பந்து வேறு மைதானத்தில் எல்லைச் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகியிருக்கும். இங்கே சுவரில் மோதி வேகமாகத் திரும்பிவிடும். பந்து சுவரில் பட்டு எழும்பும் விதம் தெரிந்த ஃபீல்டர் அதைப் பிடித்து எறிந்தால், அடித்தவர் முதல் பேஸைத் தாண்ட முடியாது. மாறாக, வேறு இடத்தில் கேட்ச் ஆகும் உயரமான பந்து இங்கே சுவரைத் தாண்டிவிடும். பலசாலியைவிடப் பந்தைத் தூக்கி அடிக்கத் தெரிந்தவருக்கே இந்தச் சுவர் நண்பன்.

1976 வரை தகரம் அடித்த சுவர். பட்ட இடத்தைப் பொறுத்துப் பந்து செத்தும் விழும். பிறகு கடின பிளாஸ்டிக் பலகைகள் வந்தன, துள்ளலும் சீரானது.

சுவரில் ஏணி எதற்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள். மேலே இருந்த வலையில் விழும் பந்துகளை எடுக்க. 2003இல் வலை போய் இருக்கைகள் வந்துவிட்டன. ஏணி மட்டும் அப்படியே நிற்கிறது.

மைதானத்தின் ஒற்றைச் சிவப்பு இருக்கை எதற்கு? 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடி ஹோம் ரன் விழுந்த இடம் அது. பிரிவு 42, வரிசை 37, இருக்கை 21.