கனடாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வன்னியில் வயிற்றோட்டம் வராமல் தடுப்பது எப்படி?

ஒட்டுசுட்டான் வாசகி:

வணக்கம். கனடாவில் வசிக்கும் என் அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளோடு ஆடி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, ஓகஸ்ட் 15 ஆம் திகதி மடு மாதா கோவில் திருவிழா முடியும்வரை தங்கவிருக்கிறார்கள். மூத்தவனுக்கு 9 வயது, இளையவளுக்கு 3 வயது. இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். எங்கள் வளவில் கட்டுக்கிணறு இருக்கிறது. ஆனால் அதன் நீர் சற்று உவர்ப்பாக இருப்பதால், குடிப்பதற்கு மட்டும் சந்திக் கடையில் ஆர்.ஓ. தண்ணீரை (இயந்திரத்தில் சவ்வு வழியே வடித்து உப்பை அகற்றிய நீர்) கானில் வாங்குகிறோம். அக்கா தொலைபேசியில் தண்ணீரைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அம்மாவோ, "இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளுக்கு இப்போது என்ன வந்துவிடப் போகிறது?" என்று மனம் நோகிறார். போதாக்குறைக்கு, வந்த மறுநாளே பெரியம்மா வீடு, மாமா வீடு என்று விருந்துகள் தொடங்கிவிடும். அங்கே நீட்டப்படும் குளிர்பானத்தை மறுத்தால் அது மாதக்கணக்கில் கதையாகும். ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே கொடுக்கலாமா, சமையலில் எதைக் கவனிக்க வேண்டும், மடுவில் கூடாரம் அடித்துத் தங்கும் நாட்களை எப்படிச் சமாளிப்பது என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

வவுனியா, ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்:

அன்புச் சகோதரிக்கு, தங்கள் அம்மாவின் வாதத்தை நான் சேவையில் இருந்த காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். ஓரிடத்து நீரிலும் உணவிலும் உள்ள கிருமிகளை நாள்தோறும் சந்திக்கும் உடல் அவற்றுக்கு ஓரளவு பழகிக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கம் ஊரை விட்டுப் பல ஆண்டுகள் விலகியிருந்தால் மங்கிவிடும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அது இருந்ததே இல்லை. பயணிகளுக்கு வரும் வயிற்றோட்டத்தில் பெரும்பங்கு, நச்சை உண்டாக்கும் ஒருவகை ஈ. கோலி பக்ரீறியாவால் வருவது. உல்லாசப் பயணியாக வருபவர் பயந்து பயந்து சாப்பிடுவார். உறவினரைப் பார்க்க வருபவர் "இது நம் ஊர்தானே" என்று எல்லாவற்றையும் உண்பார். ஆகவே அக்காவின் கேள்வியைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆர்.ஓ. இயந்திரம் நீரிலுள்ள உப்பையும் கல்சியத்தையும் புளோரைட்டையும் பெருமளவு அகற்றும். சிறுநீரக நோய் பரவியுள்ள எங்கள் பகுதியில் அதன் தேவையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சரியாகப் பராமரிக்கப்படும் இயந்திரத்திலிருந்து வெளிவரும் நீரில் கிருமிகளும் இருக்காது. பிரச்சினை அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. அந்த நீரில் குளோரின் மிச்சமிருப்பதில்லை என்பதால், கழுவாத கானில் ஊற்றி, வெயிலில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, நான்கு நாட்கள் குசினி மூலையில் வைத்தால் கிருமி பெருகுவதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. உங்கள் கானை வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பக்கத்து உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் அது கிருமிப்படலம். கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உவர்ப்பும் புளோரைட்டும் போகாது. எனவே விருந்தினர் இருக்கும் நாட்களில் ஆர்.ஓ. நீரையே கொதிக்கவைத்துக் கொடுப்பதுதான் நல்லது. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். பத்து நிமிடம் எரித்து எரிவாயுவை வீணாக்க வேண்டியதில்லை.

கொதித்தாறிய நீரைக் குடத்தில் ஊற்றிவிட்டு, அதற்குள் செம்பைக் கையோடு அமிழ்த்தி அள்ளினால் செய்த வேலை முழுவதும் வீண். குழாய் பொருத்திய, மூடியுள்ள வாளியில் ஊற்றிவையுங்கள். பல் துலக்கவும் அதே நீரையே கொடுங்கள். அந்தச் சின்னப் பிள்ளை வாய் கொப்பளித்த நீரில் பாதியை விழுங்கத்தான் செய்யும்.

சூரிச்சிலிருந்து:

ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளோடு கிளிநொச்சிக்கு வருபவன் என்ற முறையில், ஐயா எழுதியதோடு வருபவர்களின் பக்கத்தையும் சேர்க்கிறேன். அக்கா இப்போதே அங்குள்ள குடும்ப மருத்துவரிடம் ஈரல் அழற்சி ஏ, தைபோயிட்டுக் காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்கட்டும். தைபோயிட்டு ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்னர் போட வேண்டும். அது முழுப் பாதுகாப்பைத் தருவதில்லை என்பதால், ஊசி போட்டுக்கொண்டவர்களும் தண்ணீரில் கவனமாகவே இருக்க வேண்டும்.

விருந்து வீடுகளைப் பொறுத்தவரை, நாங்கள் கண்ட வழி மறுப்பது அல்ல, கேட்டு வாங்குவது. கதவைத் தாண்டியதும் "மாமி, இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ தாங்கோ" என்று நாமே முந்திக்கொண்டால், சர்பத்துக் கரைக்கும் பேச்சே எழாது. பிள்ளைகளுக்குக் கண்முன்னே வெட்டிய இளநீர் கேட்கலாம். ஆனால் அதைக் குவளையில் ஊற்றி ஐஸ் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைவதால் கிருமி சாவதில்லை. ஐஸ் எந்த நீரில் செய்யப்பட்டதோ, அந்த நீரைக் குடிப்பதும் அதுவும் ஒன்றே. போத்தல் தண்ணீர் வாங்கும்போது மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா என்பதையும், எஸ்.எல்.எஸ். 894 என்ற இலங்கைத் தர முத்திரையையும் பாருங்கள்.

முள்ளியவளை:

இவ்வளவு எச்சரிக்கையும் வாசித்தால், வருகிற பிள்ளைகள் பாணும் போத்தல் தண்ணீருமாகவே திரும்பிப்போக வேண்டிவரும் போலிருக்கிறது. ஆடி மாதத்தில் வன்னிக்கு வந்துவிட்டுப் பாலைப்பழம் சாப்பிடாமல் போவதா?

வவுனியா, ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்:

போகவேண்டாம், பழக்காலம் முடிவதற்குள் வந்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். தோல் உரித்து உண்ணும் மாம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றில் பயமில்லை. பாலைப்பழத்தைத் தோலோடு வாயில் போடுகிறோம். அதன் பால் பிசுபிசுப்பில் தூசியும் ஒட்டிக்கொள்ளும். வீதியோரத்தில் வாங்கியதை அங்கேயே தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, கொதித்தாறிய நீரில் இரண்டு முறை அலசிக் கொடுத்தால் சரி.

எங்கள் சமையல் பெரும்பாலும் பாதுகாப்பானது என்பதையும் சொல்ல வேண்டும். நீராவியில் வெந்து ஆவி பறக்கும் புட்டையும் இடியப்பத்தையும் விட நல்ல உணவைப் பயணிக்கு எந்த ஊரிலும் காட்ட முடியாது. வில்லங்கம் அதன் பக்கத்தில் வைக்கப்படும் சம்பலில் இருக்கிறது. காலையில் அரைத்த தேங்காய்ச் சம்பல் மதியம்வரை கிடந்தால் அது பிள்ளைகளின் தட்டுக்குப் போகக்கூடாது. சோறும் அப்படித்தான்: சோற்றில் உயிர்தப்பும் பசிலசு சீரியசு என்ற பக்ரீறியாவின் வித்துகள், சோறு வெளியே கிடக்கும்போது முளைத்து நச்சை விடுகின்றன, அந்த நச்சில் ஒருவகை மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே மதியச் சோற்றை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்து இரவுக்குச் சூடாக்கிக் கொடுக்க வேண்டாம். கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து இருக்கும் ரோல்ஸும் பற்றீசும் இதே கணக்கில் அடங்கும்.

மடுவில் சனம் கூடும் நாட்களில் கைகழுவுவதே பெரிய விடயம். கையில் தேய்க்கும் மதுசாரத் திரவம் கைக்கு அடக்கமாக இருந்தாலும், வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் நோரோ வைரசுக்கு அது அவ்வளவாக வேலை செய்யாது; சவர்க்காரமும், குழாய் வைத்த ஒரு கான் தண்ணீரும் கூடாரத்து வாசலிலேயே இருக்கட்டும். குடிநீரைக் கொதிக்கவைத்து எடுத்துச் செல்லுங்கள். குளோரின் மாத்திரையை அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள். அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும், கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகள் அதற்கும் தப்பிவிடும்.

ஒட்டுசுட்டான் வாசகி:

அனைவருக்கும் நன்றி. கானைத் தடவிப் பார்த்தேன், வழுக்கியது. அதை அம்மாவுக்கும் காட்டினேன், குழாய் வாளி வாங்கச் சம்மதித்துவிட்டார். இன்னும் ஒன்று: இவ்வளவும் செய்தபின்னும் வயிற்றோட்டம் வந்தால், முதலில் என்ன செய்வது? அக்கா அங்கிருந்து வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரை கொண்டுவருவதாகச் சொல்கிறார்.

மாங்குளம், தாதி உத்தியோகத்தர்:

அந்த மாத்திரை பெரியவர்களின் பேருந்துப் பயணத்துக்கு உதவலாம். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம். பெரியவர்களும் காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் அதைத் தொடக்கூடாது. வீட்டில் சில ஜீவனிப் பொதிகளை (வயிற்றோட்டத்தில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் தூள்) வாங்கி வையுங்கள். ஒரு பொதியை முழுமையாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொதியை ஒரு குவளையில் கண்மட்டத்துக்குக் கரைப்பதால் உப்பு கூடி, பிள்ளைக்கு மேலும் தீங்கு வரும். கரைத்த நீரை 24 மணித்தியாலத்துக்குப் பின் ஊற்றிவிடுங்கள். ஜீவனி கிடைக்காத நேரத்தில், ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மறுபடி தொடங்குங்கள். சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். சோடா இதற்கு ஈடாகாது.

பிள்ளை கண்ணீரில்லாமல் அழுதாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் வெகுநேரம் போகாவிட்டாலோ, சோர்ந்து குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ விடியும்வரை பார்த்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். அவர்கள் கனடா திரும்பியபின் காய்ச்சல் வந்தாலும், இலங்கைக்குப் போய்வந்ததை அங்குள்ள மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்; தைபோயிட்டு பெரும்பாலும் கிருமி புகுந்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள்தான் வெளிப்படும்.